சாவிக்கொத்தும் நாடியும்

மேலநீலிதநல்லூரில் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒருவர் கையும் காலும் வெட்டி இழுத்து விழுந்தால், முதலில் எழும் குரல் "ஏலே, சாவிக்கொத்து இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். இரும்பைக் கையில் திணிப்பார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் இழுப்பு நிற்கும். பெயர் சாவிக்குப் போய்விடும். பெரும்பாலான வலிப்புகள் அந்த நேரத்துக்குள் தாமாகவே அடங்குபவை. (கால்கை வலிப்பு என்பதுதான் வாய்வழக்கில் காக்கா வலிப்பு ஆனது என்பார்கள். காகம் பாவம்.)

சாவியைத் திணித்த அதே கையில் நாடி பார்க்க முடிந்தால் வேறொரு சங்கதி தட்டுப்படும். நிமிடத்துக்கு 70, 80 என்று துடித்துக்கொண்டிருந்த இதயம் 120, 150 என்று ஓடும். உடம்பு உதறுவதால் வந்த வேகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வெறித்துப் பார்த்தபடி வாயை மட்டும் சப்புக்கொட்டும் வலிப்பிலும் இதயம் இப்படி ஓடுகிறது. சிலருக்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கோடுகளில் வலிப்பு தெரிவதற்குச் சில நொடிகள் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது.

இதயம் தானாக நடக்கும் வண்டிமாடு. மூளை அதை நடக்க வைப்பதில்லை. வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. பரிவு நரம்புகள் தார்க்குச்சி. வேகஸ் நரம்பு மூக்கணாங்கயிறு. இவற்றைப் பிடித்திருக்கும் இடங்களில் ஒன்று இன்சுலா, பொட்டுப் பக்கத்து மூளை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதி. வலிப்பு அடிக்கடி கிளம்புவதும் அதன் அண்டை வீட்டிலிருந்துதான். 1992இல் கனடாவில் ஓப்பன்ஹைமர் குழுவினர், வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் இன்சுலாவை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். இடப்பக்கம் தூண்டியபோது பெரும்பாலும் துடிப்பு குறைந்தது, வலப்பக்கம் கூடியது.

வண்டிக்காரனுக்கே வெறி பிடித்தால்? பெரும்பாலும் தார்க்குச்சிதான் வேலை செய்யும். அபூர்வமாகக் கயிறு இறுகி மாடு நின்றேவிடும். வலிப்பின்போது ஓர் இளைஞரின் நாடி மறைந்துபோனதை 1906இலேயே லண்டன் மருத்துவர் ரஸ்ஸல் எழுதிவைத்தார். வீடியோ ஈ.ஈ.ஜி. கண்காணிப்பில் இருக்கும் நோயாளிகளில் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேரிடம் இது தெரிகிறது. ஆனால் அநேகமாக இருபது நொடி அளவில் இதயம் திரும்பிவிடும். ரத்தம் வராமல் மூளையின் புயலே ஓய, கயிறு தளர்கிறது. வலிப்பு இதயத்தை நிறுத்த, நின்ற இதயம் வலிப்பை நிறுத்துகிறது! மருந்துக்கும் அடங்காமல் இப்படி அடிக்கடி விழுபவர்களுக்குப் பேஸ்மேக்கர் வைப்பதுண்டு.

வலிப்பு நோயாளிகளுக்கு நேரும் திடீர் மரணம் வேறு கதை. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அது நேர்கிறது. கண்காணிப்பில் இருந்தபோதே இறந்தவர்களின் பதிவுகளை 2013இல் ஆராய்ந்தபோது, பெரிய வலிப்புக்குப் பின் முதலில் மூச்சும் பிறகு இதயமும் நின்றது தெரிந்தது. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதே என்று டாக்டர் திட்டுவது இதற்காகத்தான்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது தலைகீழ்க் கதை. இதயத்தின் தாளம் முதலில் பிசகி, மூளைக்கு ரத்தம் குறைந்து, அதனால் கைகால் வெட்டினாலும் பார்ப்பவர்களுக்கு அது காக்கா வலிப்பாகவே தெரியும். நீள் க்யூ.டி. என்னும் பிறவிக் கோளாறு அப்படிப்பட்டது. ஓடும்போதோ, திடுக்கிடும் சத்தத்திலோ விழவைக்கும். வலிப்பு மாத்திரை அதைக் குணப்படுத்தாது. இளவயதிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும். 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்துவரும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஆனால் இதயத்தின் இந்தக் கோளாறைக் காட்டக்கூடிய ஈ.சி.ஜி. எடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வீட்டில் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் இருந்து, ஒருமுறைகூட ஈ.சி.ஜி. எடுத்ததில்லை என்றால் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். யாராவது வெட்டி விழுந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.