அட்டை போனால் வறுமையும் போனதா?

ரேஷன் அட்டைக்கான இ-கேஒய்சி (விரல் ரேகைவழி ஆதார் சரிபார்ப்பு) கெடு பலமுறை நீண்டது. ஆனாலும் பெங்களூரின் லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, பாணசவாடி பக்கமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பதற்றம் தணியவில்லை. விரல் ரேகையை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை, அது தெரிந்ததுதான். கேட்பது வேறு: “வீட்டுக்காரருக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, பி.பி.எல். கார்டைப் பிடுங்கிவிடுவார்களா?” “கார் வைத்திருப்பவருக்குக் கார்டு இருக்கிறது, எங்களுடையது மட்டும் ஏன் ஏ.பி.எல். ஆனது?”

கர்நாடகத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்போருக்கான பி.பி.எல். அட்டைக்கு (மேலே இருப்போருக்கு ஏ.பி.எல்.) ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 10,000, அதுவும் முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து. இதே அரசு பெங்களூரில் பெரும்பாலான தொழில்களுக்கு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி அதைவிட அதிகம். வீட்டில் ஒரே ஒருவர் சட்டப்படி கூலி வாங்கினாலும் அந்தக் குடும்பம் ஏழைக் கணக்கில் வராது. முதலாளி சட்டத்தை மீறும்வரைதான் அரிசி!

வருமான வரம்பைவிட என்னை உறுத்துவது எண்ணிக்கை வரம்பு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் கிராம மக்களில் 75 சதவீதம், நகர மக்களில் 50 சதவீதம் பேர்வரை மானிய தானியம் பெறலாம் என்றது. அதை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது கர்நாடகத்துக்குக் கிராமத்தில் 76.04, நகரத்தில் 49.36 சதவீதம் என்று வந்தது. பங்கு பிரித்தது 2011-12 நுகர்வுச் செலவு ஆய்வை வைத்து. தலைக்கணக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. மொத்தம் சுமார் 4 கோடிப் பேர். அதற்குப் பிறகு பெங்களூர் எவ்வளவு பெருத்துவிட்டது என்பதை ஹென்னூர் சாலையில் ஒரு மாலை நேரம் நின்றாலே பார்க்கலாம். ஒதுக்கீடு மட்டும் அப்படியே நிற்கிறது. அடுத்த தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில்தான்.

ஏழைகளை எண்ணிவிட்டு அரிசி ஒதுக்கவில்லை; அரிசியை ஒதுக்கிவிட்டு அதற்குள் அடங்கும் அளவுக்கு ஏழைகளைத் தேடுகிறார்கள். வரம்புக்கு மேல் சேர்ப்பவர்களுக்கு மாநிலம் தன் கைக்காசைப் போட வேண்டும். அந்தச் செலவில்லாமல் புதிய பெயர் நுழைய வேண்டுமானால் பழைய பெயர் ஒன்று வெளியேற வேண்டும். அந்த வெளியேற்றத்துக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் ‘தகுதியற்றவர்கள் நீக்கம்’. 2024 நவம்பரில் இங்கே அட்டைகள் கொத்துக்கொத்தாக ஏ.பி.எல். ஆகி, எதிர்ப்பு கிளம்பியதும், வருமான வரி கட்டுவோரையும் அரசு ஊழியர்களையும் தவிர மற்றவர்களுக்குத் திருப்பித் தருவதாக அரசு பின்வாங்கியது. தகுதியற்றவர்கள் என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால் ஏன் திருப்பித் தர வேண்டும்?

நீக்கியவர்கள் யார் என்று வெளியாள் யாராவது வீடு வீடாகப் போய்ப் பார்த்ததுண்டா? ஜார்க்கண்டில் பார்த்தார்கள். அங்கே ரத்தான அட்டைகள் பெரும்பாலும் போலி என்று அரசு சொல்லிவந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்களின் குழு 10 மாவட்டங்களில் ரத்தான அட்டைகளின் உரிமையாளர்களைத் தேடிப் போனது. 2020-இல் வந்த முடிவு: ஏறத்தாழ 88 சதவீத அட்டைகள் உண்மையான குடும்பங்களுடையவை. ஆவணத்தில் மிச்சம் என்று எழுதப்பட்டது யாரோ ஒருவரின் சோறு. அப்படி ஒரு தேடல் நடக்காதவரை, ‘இத்தனை லட்சம் அட்டை நீக்கம்’ என்ற அறிவிப்பைச் சாதனையாகவும் படிக்கலாம், தவறாகவும் படிக்கலாம்.

இயந்திரத்தின் பங்கும் இதில் உண்டு. குக் டவுன் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் ரேகை, சிமெண்ட் கலக்கும் கொத்தனாரின் ரேகை, இரண்டும் கருவியில் எளிதில் விழாது. கடைக்காரர் விரலைத் துணியால் துடைத்து, பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். ‘நாளைக்கு வாங்க’ என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரியில் இருக்கும் அக்காவுக்கு ஏன் இந்த ஏ.பி.எல்., பி.பி.எல். தொல்லை இல்லை என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1997-இல் மத்திய அரசு ஏ.பி.எல்., பி.பி.எல். என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான விநியோகத்தை விடவில்லை. கொஞ்சம் வசதியானவர்களும் அரிசி வாங்குவார்கள்தான். அதைத் தடுக்கப் போய் ஏழையை விரட்டுவதற்கு அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

மற்ற கேள்விகள்:

நாட்டில் 24.82 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டதாகச் சொல்கிறார்களே? நீதி ஆயோக்கின் அந்தக் கணக்கு வருமானத்தை அளப்பதல்ல. வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு உட்பட 12 குறியீடுகள். தொடக்க ஆண்டான 2013-14, கடைசி ஆண்டான 2022-23 இரண்டிலும் அதற்கான ஆய்வு நடக்கவில்லை, மதிப்பீடுதான்.

அட்டை ஏ.பி.எல். ஆனால் குடும்பத் தலைவிக்கான கிருஹலட்சுமி 2,000 ரூபாய் நிற்குமா? அந்தக் காரணத்துக்காக நிற்காது. குடும்பத் தலைவியோ கணவரோ வருமான வரி, ஜி.எஸ்.டி. கட்டினால் கிடைக்காது.

ஆறு மாதம் ரேஷன் வாங்கவில்லை, ஆபத்தா? ஆம், 2025 ஜூலையில் வந்த மத்திய உத்தரவின்படி அட்டை தற்காலிகமாக முடங்கும். மூன்று மாதத்துக்குள் நேரில் விசாரிப்பார்கள், வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அட்டையை வைத்து இங்கே வாங்கலாமா? ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் மத்திய ஒதுக்கீட்டு அட்டை என்றால் அந்தப் பங்கு மட்டும் கிடைக்கும். கர்நாடகத்தின் அன்னபாக்கியத் திட்டம் தரும் கூடுதல் பங்கு கிடைக்காது.