கம்ப்யூட்டருக்கு ஜுரம்!

386 காலத்தில் ப்ராஸஸருக்கு விசிறி கிடையாது. மொட்டைத் தலையோடு வேலை பார்த்தது. 1993-ல் பென்டியம் வந்தபோது, தலைக்கு அலுமினியத் தொப்பியும் அதன் மேல் ஒரு குட்டி விசிறியும் தேவைப்பட்டன. 2004-ல் வந்த பென்டியம் 4-களில் சில 115 வாட் வரை சூட்டைக் கக்கின. எரிகிற நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அர்த்தம் புரியும். அத்தனையும் கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கனிலிருந்து!

இன்றைய ப்ராஸஸர்கள் புத்திசாலிகள். சூடு எல்லை மீறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் வகைகள் பலவற்றில் எல்லை 100 டிகிரி. எரிந்து போகாது, மாட்டு வண்டியாகிவிடும், அவ்வளவுதான்.

இதை மாடி வீட்டுத் தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ராத்திரியில் வீட்டில் லினக்ஸ் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்கு எழுதி நாலு காசு பார்க்கிறவன். போன மே மாதம் முகம் வாடி வந்தான்.

"சார், 92 டிகிரி காட்டுது. கடையில கேட்டா போர்டே போயிடும், புதுசு வாங்கிடுங்கறாங்க. நாப்பதாயிரமாம். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருக்கற பணம் சார்..."

"பணத்தை உள்ள வை. முதல்ல அங்க யாரு வேலை செய்யறாங்கன்னு பார்ப்போம்" என்றேன்.

டெர்மினலில் 'டாப்' என்று அடித்தால் வருகைப் பதிவேடு மாதிரி ஒரு பட்டியல் வரும். உழைப்பவர் மேலே, தூங்குபவர் கீழே. (நம் ஆபீஸிலும் ஒன்று வைக்கலாம்.) தம்பியின் மெஷினில் உச்சியில் இருந்தவர் பெயர் 'பலூ'. கேடீஈ-யில் ஃபைல்களையெல்லாம் படித்துத் தேடுவதற்கு அட்டவணை போடும் ப்யூன். பழைய கணக்கு ஃபைல்கள் மலையாகக் குவிந்திருந்ததால் ஓயாமல் படித்துக்கொண்டிருந்தார். ஸிஸ்டம் ஸெட்டிங்ஸில் ஃபைல் தேடலை அணைத்தோம். பத்து நிமிஷத்தில் 78.

சூட்டை அளக்க 'எல்எம்-சென்ஸார்ஸ்' என்று இலவச ஸாஃப்ட்வேர் இருக்கிறது. 'சென்ஸார்ஸ்' என்று அடித்தால் ஒவ்வொரு கோரின் உஷ்ணமும் தெரியும். தெர்மாமீட்டர் இல்லாமல் மருந்து தரக்கூடாது.

அடுத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஒரு தலையணைக்கான பஞ்சு! விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதினோம். ப்ராஸஸருக்கும் தொப்பிக்கும் நடுவே இருக்கிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். சில நூறு ரூபாய் சமாசாரம். 66.

மூன்றாவது வைத்தியம், டர்போ. அவசரத்துக்கு வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி. மின்சாரச் செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் பத்து சதவிகிதம் குறைத்தால் செலவு சுமார் 27 சதவிகிதம் குறையும். 0.9-ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். இன்டெல் மெஷின்கள் பலவற்றில், லினக்ஸில் 'நோ டர்போ' என்ற குட்டி ஃபைலில் 1 என்று எழுதினால் டர்போ அணைந்துவிடும். ரூட் அதிகாரம் வேண்டும். மறுபடி பூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயமில்லாமல் சோதிக்கலாம். கணக்கு எழுத டர்போ எதற்கு? 59.

"இன்னும் குறையாதா சார்?"

"ரூமே 36 டிகிரிப்பா. விசிறி ரூம் காத்தைத்தான் வீசும். அதுக்குக் கீழ போகணும்னா ஊட்டிக்கு மாத்தல் கேளு."

ஒரு எச்சரிக்கை. எல்லா 90-ம் ஜுரமல்ல. 2022-ல் வந்த ஏஎம்டி ரைஸன் 7000 வகைகளில் பல, முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. சும்மா இருக்கும்போதே கொதித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தங்கச்சி ஃபீஸ் நேரத்துக்குக் கட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டர் படிப்பாம். தூசி தட்டக் கற்றுக்கொடுப்பார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.