வளைவில் வீணாய்ச் சுற்றும் சக்கரம்

கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரென்ஷியல். ஆனால் அது இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். உள்சக்கரம் பிடி இழந்து சுற்றினால், மறுசக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான். இதைத் தடுக்க வந்தது லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி.

1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் காரின் எல்.எஸ்.டி. சிலிக்கான் திரவத்தை நம்பியது; வயதாக ஆக அதன் பிடி தளரும். பிறகு 1.8 லிட்டர் காரில் வந்த டார்சன் வகை எல்.எஸ்.டி. முழுக்கப் பற்சக்கரங்களால் ஆனது. தேய்ந்துபோக கிளட்ச் தட்டுகளே இல்லை. பழைய எல்.எஸ்.டி. வாங்குவதென்றால் இதுதான் என் தேர்வு.

ஆனால் இதை 1.6 காரில் பொருத்துவதென்றால் ஒரு சிக்கல்: 1.8-இன் கிரவுன் வீல் 7 அங்குலம், 1.6-இல் 6. எனவே டிஃபரென்ஷியலை உறையோடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரு ஆக்சில் ஷாஃப்ட்கள் சகிதம் ஒரே காரிலிருந்து வாங்க வேண்டும். பல்விகிதம் 4.3-இலிருந்து 4.1 ஆகும்போது ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், அதையும் சரிசெய்யுங்கள்.

வாங்குமுன் பழைய ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. உலோகச் சில்லுகள் நெருடினால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.