பெண்ணின் இதயம் – 6: எழுபது பேரின் பட்டியல்

22,071 மருத்துவர்களை வைத்து நடந்த ஆஸ்பிரின் ஆய்வில் ஒரு பெண்கூட இல்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். அது, பெண்களை யாரும் கூப்பிடாத கதை. இந்த வாரம் கூப்பிடாமலே போய்க் கதவைத் தட்டியவர்களின் கதை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் மேயோ கிளினிக் இருக்கிறது. ‘விமன்ஹார்ட்’ என்ற அமைப்பு, இதயநோய் உள்ள பெண்களுக்கு 2002 முதல் அங்கே பயிற்சி முகாம் நடத்திவந்தது. நாற்பதுகளில் மாரடைப்பு வந்து பிழைத்த மூன்று பெண்கள் 1999-இல் தொடங்கிய அமைப்பு அது. முகாமுக்கு வருகிறவர்கள் எல்லாருமே நோயாளிகள். இதயம் எப்படி வேலை செய்கிறது, கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அங்கே தங்களைப் போன்ற பெண்களைக் கூட்டி உட்காரவைப்பார்கள்.

2009-ஆம் ஆண்டு முகாமுக்கு வந்தவர்களில் கேத்தரின் லியோனும் ஒருவர். 2003-இல், இரண்டாவது குழந்தை பிறந்து சில வாரங்களே ஆன நிலையில் அவருக்கு மாரடைப்பு வந்தது. வயது 38. பைபாஸ் செய்து காப்பாற்றினார்கள். அவருடைய ரத்தக்குழாயைக் கொழுப்பு அடைக்கவில்லை. குழாயின் சுவரே கிழிந்திருந்தது.

இந்த நோயைச் சுருக்கமாக ‘ஸ்காட்’ என்கிறார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் மூன்று அடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் கசிந்து தேங்கினால், மழைக்காலத்தில் சுவர்ப்பூச்சு உப்பிக்கொள்வதுபோல உள்ளடுக்கு உப்பி வழியை அடைத்துவிடுகிறது. இந்த நோய் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். பலருக்குப் புகைப்பழக்கம் கிடையாது, சர்க்கரை கிடையாது, கொலஸ்ட்ரால் சரியாக இருக்கும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புகளுக்கு முக்கியமான காரணம் இதுதான். ஆனால் மாரடைப்பு என்றதும் மருத்துவர் மனத்தில் எழும் உருவம் தொப்பையும் சிகரெட்டுமாக ஒரு நடுத்தர வயது ஆண். கைக்குழந்தைக்காரி நெஞ்சு வலிக்கிறது என்று வந்தால் பதற்றம், தூக்கமின்மை, வாயு என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்தால் மாரடைப்பு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். செய்யத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

நோய் ஒன்றும் புதிதில்லை. 1931-இலேயே, இறந்துபோன 42 வயதுப் பெண்ணொருத்தியின் பிரேதப் பரிசோதனையில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறிப்புகள் வந்ததோடு சரி. அரிய நோய் என்பதால் ஆய்வு இல்லை; ஆய்வு இல்லாததால் அது அரிய நோயாகவே இருந்தது.

முகாமில் லியோன் தேடிப் போனது டாக்டர் ஷரோன் ஹேய்ஸை. மேயோவில் பெண்களுக்கென்றே இதய மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர். இணையத்தில் தேடித்தேடி, தன்னைப்போல ரத்தக்குழாய் கிழிந்த சுமார் எழுபது பேரை லியோன் சேர்த்திருந்தார். எங்களை வைத்து ஆய்வு செய்யுங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம் என்று கருதப்பட்ட நோயில், ஒரு நோயாளியின் கையில் எழுபது பேர்! ஹேய்ஸ் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்; அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் ‘பார்க்கலாம் அம்மா’ என்று முடிந்திருக்கும்.

முதலில் 12 பேரை வைத்து ஒரு சோதனை ஓட்டம் என்று முடிவாயிற்று. ஒரே வாரத்தில் 18 பேர் முன்வந்துவிட்டார்கள். நோயாளிகள் இருக்கும் இடத்திலிருந்தே மருத்துவ ஆவணங்களையும் ஆஞ்சியோகிராம் படங்களையும் அனுப்பிவைக்கலாம் என்று ஏற்பாடு. 2011-இல் முடிவு அச்சில் வந்தது. பிறகு அதே முறையில் வளர்ந்த பதிவேடு ஆயிரம் பேரைத் தாண்டியது. இங்கிலாந்தின் லெஸ்டரில் டாக்டர் டேவிட் ஆட்லம் இந்த ஆய்வில் இறங்கியதும் ஒரு நோயாளி விடாமல் கேட்டதால்தான்.

இதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? முதலில், ஸ்டென்ட் விஷயம். மாரடைப்பு என்றால் அடைப்பைக் கண்டுபிடி, ஸ்டென்ட் வை என்பதே இதய மருத்துவர்களின் கைப்பழக்கம். கிழிந்த சுவருக்குள் கம்பியை நுழைத்தால் கிழிசல் இன்னும் நீளக்கூடும். மேயோ 2012-இல் வெளியிட்ட 87 நோயாளிகளின் விவரத்தில், அப்படிச் சிகிச்சை பெற்ற 43 பேரில் 15 பேருக்கு அது தோல்வி. சும்மா விட்டாலோ, பெரும்பாலானவர்களுக்குக் கிழிசல் தானாகவே ஆறுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொல்கிறது: ரத்த ஓட்டம் இருந்து, நோயாளியின் நிலையும் சீராக இருந்தால் குழாயைத் தொடாதீர்கள், மருந்து கொடுத்துக் கண்காணியுங்கள். அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை ஹேய்ஸ்.

ஆறிய பிறகும் பயம் போவதில்லை. குழந்தையைத் தூக்கலாமா, ஓடலாமா, இன்னொரு பிள்ளை பெறலாமா? பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருவது அந்த 87 பேர் கணக்கில் ஏறத்தாழ 29 சதவீதம். இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க யாரால் முடியும்? ஆனாலும் இந்த எண்ணாவது சொல்லக் கிடைத்திருக்கிறதே என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிதாக ஒன்றும் இருக்காது என்று தோளைத் தட்டி அனுப்புவதைவிட அது மேல்.

சுவர் ஏன் கிழிகிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பல நாட்டு நோயாளிகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. ‘பாக்டர்1’ என்ற மரபணுவின் ஒரு வகை இந்த நோயோடு சேர்ந்து காணப்படுகிறது. ஒற்றைத் தலைவலியோடும் அதற்குத் தொடர்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதே வகை உள்ளவர்களுக்குக் கொழுப்பு அடைத்து வரும் வழக்கமான இதயநோய் சற்றுக் குறைவு.

அடுத்த வாரம்: பிரசவத்தை ஒட்டி இதயத் தசையே தளர்ந்துபோகும் தாய்மார்கள்.

(தொடரும்)