உருக்குவதில்தான் சிக்கல்

உறையூர் வாசகர் ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் இறந்தவர்களை உறைய வைத்துப் பிற்பாடு எழுப்பப் போகிறார்களாமே, நடக்குமா? ஸ்ரீரங்கத்தில் உடையவர் திருமேனி ஒன்பது நூற்றாண்டாக இருப்பதும் இதே வித்தைதானா? கையில் காசிருந்தால் நாமும் பெயர் கொடுத்து வைக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: வேண்டாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் உடையவர். 1137-இல் பரமபதித்த ராமானுஜரின் திருமேனியே அமர்ந்த கோலத்தில் அவர் சன்னதியில் எழுந்தருளியிருக்கிறது என்பது வைணவ மரபு. 'தானான திருமேனி' என்பார்கள். ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்த சாந்து சாத்துகிறார்கள், அபிஷேகம் கிடையாது. இதை ஆய்வுக்கூட விவகாரமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். அழுகலுக்கு ஈரமும் வேண்டும், சூடும் வேண்டும். ஈரத்தை ஒதுக்குவது கோயிலின் வழி. சூட்டை ஒதுக்குவது அமெரிக்காவின் வழி. இன்னொரு வித்தியாசமும் உண்டு: உடையவர் எழுந்து வருவார் என்று யாரும் அங்கே காத்திருக்கவில்லை. சீடர்களுக்காக வைத்த திருமேனி அது. உறைய வைப்பவர்களோ போனவருக்காகவே வைக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை நம் வீடுகளில் வாடகைக்கு எடுக்கும் பிரீசர் பாக்ஸ் அழுகலைச் சில நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வேதிவினைகள் அநேகமாக நின்றே போகும். அங்கே நூறு வருஷமும் ஒன்றுதான், ஒரு நாளும் ஒன்றுதான். பிரச்சினை அந்தக் குளிரில் இல்லை, அங்கே போகிற வழியில் இருக்கிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் பருக்கும். தப்பித்தவறி ஃப்ரீசரில் வைத்த வெள்ளரிப்பிஞ்சை வெளியே எடுத்துப் பாருங்கள். துவண்டு, நீர் விட்டு, கொழகொழவென்று கிடக்கும். அதன் செல்களைப் பனிப் படிகங்கள் கிழித்துவிட்டன. மனித உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட தந்திரம் பனிக்கட்டியே உண்டாகாமல் பார்த்துக்கொள்வது. ரத்தத்தை வெளியேற்றி, அந்த இடத்தில் உறைதடுப்பு ரசாயனங்களைச் செலுத்திக் குளிர்வித்தால், உள்ளே இருக்கும் திரவம் படிகமாகாமல் அப்படியே இறுகிக் கண்ணாடி போல நின்றுவிடும். பெரிய உடம்பு எதையும் இப்படி எழுப்பியதில்லை. சின்ன விஷயங்களில் உறைய வைத்து மீட்பது எப்போதோ பழகிப்போன வேலை. உறைந்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984-இல் மெல்போர்னில் பிறந்தது. இன்று திருச்சியில் கருத்தரிப்பு மையத்துக்குப் போய்வருகிற தம்பதிக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இன்னும் பழைய உதாரணம் சினை ஊசி. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கால்நடை மருத்துவர் வண்டியில் கொண்டுவரும் கேனைத் திறந்தால் புகை போலக் குளிர் வழியும். உள்ளே உறைவிந்துக் குச்சிகள். ஒன்றை எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் விடுவார். அவ்வளவுதான், உயிரணுக்கள் நீந்தத் தயார்.

அந்த அரை நிமிடத்தில்தான் எனக்குப் பிடித்த விநோதம் இருக்கிறது. உறைய வைப்பதைவிட உருக்குவது கஷ்டம். கண்ணாடி நிலையில் இருப்பதை மெல்லச் சூடாக்கினால், வழியில் ஒரு வெப்பநிலையில் அது சட்டென்று பனிக்கட்டியாக மாறப் பார்க்கும். ஆகவே குளிர்வித்ததைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாக்க வேண்டும். குச்சி மெல்லியது, நொடியில் சூடேறிவிடும். ஒரு சிறுநீரகத்திலோ வெளிப்புறம் சூடேறும்போது உள்ளே இன்னும் கடுங்குளிர், பிளந்துகொள்ளும். மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2023-இல் இதற்கு அழகான வழி காட்டினார்கள். இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை எலியின் சிறுநீரக ரத்தக்குழாய்களுக்குள் செலுத்தி உறைய வைத்தார்கள். பிறகு மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் வைத்தார்கள். துகள்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சூடேற, சிறுநீரகம் உள்ளும் புறமும் சேர்ந்தே உருகியது. நூறு நாள் வரை உறைந்து கிடந்த சிறுநீரகங்களைப் பொருத்திக்கொண்ட எலிகள் அவற்றை மட்டுமே நம்பிப் பிழைத்தன.

எலியின் சிறுநீரகம் ஒன்றிரண்டு கிராம். மனித மூளை ஏறத்தாழ 1,300 கிராம். அதுவும் இறப்பு சட்டப்படி உறுதியான பிறகே கைவைக்க முடிகிற மூளை. ரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே அது கெடத் தொடங்கிவிடும். அரிசோனாவில் உள்ள ஆல்கார் நிறுவனம் முழு உடம்பை உறைய வைக்க இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறது. உடல்களைத் தலைகீழாகத்தான் நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் குறைந்தால் கால் முதலில் போகட்டும், தலை மிஞ்சட்டும் என்ற கணக்கு.

நைட்ரஜன் குறையுமா? குறைந்திருக்கிறது. இந்தத் தொட்டிகளுக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் ஆவியாவதை யாராவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று முதன்முதலாக உறைய வைக்கப்பட்டவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர். அவரை உறைய வைத்த குழுவுக்குத் தலைவர் ராபர்ட் நெல்சன், டிவி ரிப்பேர் செய்தவர். நெல்சன் பொறுப்பில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் இருந்த ஒன்பது உடல்கள், பணம் தீர்ந்ததும் உருகி அழுகிப்போயின. 1979-இல் விஷயம் வெளியே வந்தது. பெட்ஃபோர்டை அவர் குடும்பமே பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டதால் அந்தக் காலத்தவர்களில் அவர் மட்டும் இன்றும் உறைந்திருக்கிறார். ஸ்ரீரங்கத்திலோ 1323 படையெடுப்பில் ஊரைவிட்டுப் போன உற்சவர் நம்பெருமாள் 1371-இல் திரும்பினார். நடுவில் ஒரு தலைமுறையே மாறியும் கைங்கரியம் அறுந்துவிடவில்லை. காத்து வைப்பதற்குக் குளிரைவிட ஆட்கள்தான் முக்கியம். கட்டணத்துக்கு வேலை செய்யும் கம்பெனி எத்தனை தலைமுறைக்கு வரும்?

வித்தையை நான் குறைசொல்லவில்லை. தானமாகக் கிடைத்த இதயத்தை இன்று பொதுவாக நான்கைந்து மணி நேரம்தான் வைத்திருக்க முடிகிறது, சிறுநீரகத்தை ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் பொருத்தமான ஆள் கிடைக்காமல் வீணாவது உண்டு. எலியில் பலித்தது மனித உறுப்பில் பலித்தால் அந்த அவசரமே இருக்காது. ஆராய்ச்சிப் பணம் போக வேண்டிய இடம் அது. செத்தவரை எழுப்பும் கனவில் போடுகிற கோடிகளை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உடலுறுப்பு தானம் செய்தவர்களுக்கு 2023 முதல் தமிழக அரசு அரசு மரியாதையே செய்கிறது. ஆனால் சாதாரண இறப்பில்கூடக் கொடுக்க முடிகிற கண்ணை, சாவு வீட்டு அழுகையில் யாரும் நினைப்பதில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள். இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். கண் வங்கியின் எண்ணை இன்றே எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.