காலண்டரில் போடும் குறி

ஆவடிக்கு அருகிலுள்ள வெள்ளானூரில் எந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாள், கேஸ் புக் செய்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் பேனாவால் குறித்திருக்கும். அமெரிக்காவில் செவிலியராக இருந்து ஆய்வாளரான ஜாக்குலின் கேம்ப்பெல் 1985-இல் உருவாக்கிய ஒரு சோதனை தொடங்குவதும் காலண்டரில்தான். கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் கடந்த ஓராண்டின் காலண்டரைக் கொடுத்து, அடிபட்ட நாட்களைக் குறிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். அறைந்தாலோ தள்ளினாலோ 1. ஆயுதம் எடுத்தால் 5. "முன்ன மாதிரிதான் இருக்கார், ஒண்ணும் கூடலை" என்கிற வகையில் முதலில் பதில் சொன்ன பலர், குறித்து முடித்ததும் பதிலை மாற்றினார்கள். தனித்தனியாக மறந்துபோன நாட்கள் ஒரே தாளில் சேர்ந்து நின்றபோதுதான், இடைவெளி குறைந்துகொண்டே வந்தது அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது.

இப்படி ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இவர்களில் கொல்லப்படுபவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. தெருவில் நடக்கும் கொலையில் கொல்பவன் எங்கிருந்து வருவான் என்று சொல்ல முடியாது. குடும்பக் கொலையில் இருவரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறார்கள்! 2023-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார் கையால் இறந்ததாக ஐ.நா. கணக்கிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 140 பேர்.

கேம்ப்பெல் குழு 11 அமெரிக்க நகரங்களில் கொல்லப்பட்ட பெண்களையும், அடிபட்டும் உயிரோடிருக்கும் பெண்களையும் ஒப்பிட்டு 2003-இல் ஆய்வை வெளியிட்டது. கணவனின் வேலையின்மை, கொல்வேன் என்ற மிரட்டல், ஆயுதம், ஓயாத சந்தேகம் ஆகியவை எதிர்பார்த்தபடியே வந்தன. எதிர்பாராதது ஒன்று: கொல்லப்பட்ட அல்லது மயிரிழையில் தப்பிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்கள் உயிருக்கு அவ்வளவு ஆபத்து இருப்பதாக நினைத்திருக்கவில்லை. "அவ்வளவு பயமாக இருந்தால் அவளே வந்து சொல்லியிருப்பாளே" என்கிற நம் வழக்கமான வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

எல்லா அறிகுறிகளிலும் நான் முதலில் வைப்பது கழுத்தை. ஒருமுறை கழுத்தை நெரித்த கணவன் பின்னாளில் கொலை செய்யும் வாய்ப்பு ஏழு மடங்கு அதிகம் என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நெரிக்கும்போது அடைபடுவது மூச்சுக்குழாய் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே மூளைக்குப் போய்வரும் ரத்தம் தடைபடுகிறது. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். பல சமயம் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் சிறுநீர் கழிந்துவிடுவது — இவைதான் தடயங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம். ஆகவே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகார் வாங்குபவர் "கழுத்தைப் பிடிச்சாரா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது, வீட்டை விட்டு வெளியேறும் நேரம். எதற்கும் தன்னிடம் அனுமதி கேட்க வைக்கும் கணவனைப் பிரியும்போது ஆபத்து ஒன்பது மடங்கு என்று அதே 2003 ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் அம்மா வீட்டுக்குப் போன பெண்ணை நாலு பேர் கூடிப் பேசி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்கள் ஆவடி வரை வந்துவிட்டன. அங்கும் கவுன்சிலிங் என்ற பெயரில் இது நடப்பதுண்டு. சாதாரணச் சண்டைக்குச் சமரசம் நல்லதுதான். காலண்டரில் ஐந்துகள் விழுந்த வீட்டுக்கு அது கூடாது. குடும்ப வன்முறைக்காக ஏற்கெனவே கைதான ஆண்கள் கொலை வரை போவது குறைந்திருந்தது என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது.

கேம்ப்பெலின் அமெரிக்கச் சோதனையில் வரும் கேள்விகளில் துப்பாக்கி முக்கியம். இங்கே அதன் இடத்தில் நெருப்பை வைக்க வேண்டும். 2001-இல் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல் என்று லான்செட் இதழில் 2009-இல் வந்த மதிப்பீடு சொன்னது. போலீஸ் கணக்கைப் போல ஆறு மடங்கு. அதில் சுமார் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குள். விபத்தும் தற்கொலையும் கொலையும் அதில் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாதபடி "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்ற ஒரே வாக்குமூலம் மூடிவிடுகிறது. மாமியார், நாத்தனார், வரதட்சணை பற்றியும் இங்கே தனிக் கேள்விகள் வேண்டும்.

இன்று வெள்ளானூரில் ஒரு பெண் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் இருக்கும் உரிமையும் கேட்கலாம். முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும் என்கிறது சட்டம்.

எனக்குப் புரியாதது வேறொன்று. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் போனது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று ஒவ்வொரு மரணத்தையும் தணிக்கை செய்யப் பழகிய மாநிலம் இது. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 134 என்று 2001-03-இல் இருந்த தாய் மரணம், 2018-20-இல் 54 ஆனதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்பக் கொலைகளுக்கும் இதே முறை 2011 முதல் கட்டாயம்: கொல்லப்பட்டவள் எந்த டாக்டரிடம் போனாள், எந்த நிலையத்தில் புகார் கொடுத்தாள், யார் திருப்பி அனுப்பினார்கள் என்று பல துறையினர் உட்கார்ந்து தேடுகிறார்கள். நம்மிடம் இருப்பது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை. அது தேடுவது வரதட்சணை கேட்டார்களா என்பதை; எங்கே தடுத்திருக்கலாம் என்பதை அல்ல. அதுவும் மணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்தால்தான் கட்டாயம்.