மனச்சோர்வுக்கு ஓர் எக்ஸெல் தாள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எக்ஸெல் என்றாலே கடைக் கணக்கும் சம்பளப் பட்டியலும்தான் நினைவுக்கு வரும். மனதின் கணக்கையும் அதில் எழுதலாம். சில ஆண்டுகளாக மனச்சோர்வுடன் வாழ்ந்து வரும் நான் அப்படித்தான் எழுதி வருகிறேன்.

டிப்ரஷன் எனப்படும் மனச்சோர்வு சோம்பேறித்தனம் அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருப்பது, பிடித்த விஷயங்களிலும் ஈடுபாடு போய்விடுவது, தூக்கமும் பசியும் மாறுவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

"எந்திரிச்சு ஒரு எட்டு தோட்டம் வரைக்கும் போயிட்டு வாப்பா" என்பார் அம்மா. "மனசு சரியாகட்டும்மா, போறேன்" என்பேன். டாக்டர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் சிறிய வேலை. உற்சாகம் அதன் பின்னால் வரும் என்றார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்த திராட்சைக் கொடி வெறும் குச்சியாகத்தான் நிற்கும். தளிர் வந்த பிறகு தண்ணீர் பாய்ச்சலாம் என்று எந்த விவசாயியும் காத்திருப்பதில்லை.

இந்த முறைக்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், 495 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2017ல் லான்செட் இதழில் வெளியானது. ஆலோசனை தந்தவர்கள் மனநல டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் அதிகம் பேர் தேறினர்.

இனி தாளைத் தயாரிப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

1. புதிய ஒர்க்புக் திறந்து, முதல் வரிசையில் தேதி, செய்த வேலை, மகிழ்ச்சி, நிறைவு என நான்கு தலைப்புகளை டைப் செய்திடவும்.

2. தினமும் இரவில் அன்று செய்தவற்றை எழுதி, மகிழ்ச்சிக்கும் நிறைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடவும்.

3. மறுநாளுக்கு ஒரே ஒரு சிறு வேலையைக் குறிக்கவும். ‘வீட்டைச் சுத்தம் செய்வது’ வேண்டாம். ‘மேஜையைத் துடைப்பது’ போதும்.

4. வாரக் கடைசியில் மதிப்பெண்களைத் தேர்வு செய்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் மீது கிளிக் செய்தால் ஏற்ற இறக்கம் கோடாகத் தெரியும்.

5. எக்ஸெலில் பைல், இன்போ, புரொடெக்ட் ஒர்க்புக் வழியாகச் சென்று பாஸ்வேர்ட் கொடுக்கலாம். மறந்துவிட்டால் பைலைத் திறப்பது கடினம். எனவே குறித்து வைக்கவும்.

என் தாளில், நாள் முழுவதும் டிவி பார்த்த நாளுக்கு மகிழ்ச்சி 2, நிறைவு 0. முல்லைப் பெரியாற்றுக் கரையில் பத்து நிமிடம் நடந்த நாளுக்கு 3. பக்கத்துத் தோட்டக்காரருக்கு மருந்து, கூலிக் கணக்கை எக்ஸெலில் போட்டுக் கொடுத்த நாளுக்கு நிறைவு 7! எனக்கு எதில் ஆர்வம் என்று யோசித்து யோசித்துக் கிடைக்காத பதில், இந்த எண்ணில் கிடைத்தது. இப்போது நான்கு தோட்டங்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது.

மோசமான நாட்கள் இன்றும் வருகின்றன. ‘எனக்கு எதுவுமே நன்றாக இருந்ததில்லை’ என்று மனம் அப்போது சாதிக்கும். பழைய வரிகளைத் திறந்தால் அது பொய் என்று தெரிந்துவிடும். அன்றைய 0 மதிப்பெண்ணையும் எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தத் தாள் டாக்டருக்கோ மாத்திரைக்கோ மாற்று அல்ல. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கம்ப்யூட்டர் முன் தனியாக உட்கார வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்த எண்ணை அழையுங்கள்.

மற்றவர்கள் இன்று இரவே முதல் வரியை டைப் செய்து, கண்ட்ரோல் எஸ் அழுத்தி சேவ் செய்திடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது பிரிண்ட் எடுத்துக் காட்டுங்கள்.